சாய்த்தால் மாறும் எண்

மே 4, ஞாயிறு

கத்திரி வெயில் தொடங்கும் நாளாகப் பார்த்துச் சென்னைக்கு வந்து இறங்கிய புத்திசாலி நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நாகர்கோவிலில் ரயில் ஏற்றிவிடும்போதே மகள் பெனிட்டா முணுமுணுத்தாள். "இந்த வயசுல இது தேவையாப்பா? பென்ஷன் வாங்கிட்டு வீட்டுல இருக்கப்படாதா?"

"பழைய சோதனை ஒண்ணு பாக்கி நிக்குது மக்கா. முடிச்சிட்டு வந்துருதேன்" என்றேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஆராய்ச்சி நிறுவனத்து விருந்தினர் விடுதியில் அறை. வாளி இருக்கிறது, கப் இல்லை. கேட்டால் நாளை தருகிறார்களாம். பயணக் களைப்பு. அந்நாளில் என்னோடு ஆய்வு செய்த குமுதவல்லியை நாளைக் காலைதான் பார்க்க வேண்டும்.

மே 5, திங்கள்

போன மாதம் வரை முப்பத்துநாலு வருடம் பேசாமல் இருந்த ஒருத்தியை எப்படிப் பார்ப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். அவள் கதவைத் திறந்து, "வாங்க துரை, செருப்பை வெளியில விடுங்க, தூசு" என்றாள். அவ்வளவுதான். எனக்கும் நிம்மதியாகிவிட்டது.

தலை முழுக்க நரைத்திருக்கிறாள். குரல் மட்டும் அதே அதட்டல். ஜூனில் ஓய்வு பெறுகிறாள். அவளோடு இந்த ஆய்வகத்தையும் மூடுகிறார்களாம். இங்கே கணினி மையம் வரப்போகிறதாம். போன மாதம் தொலைபேசியில் சொன்னாள்: "கடைசியா ஒரு தடவை ஹீலியம் வாங்கியிருக்கேன். நம்ம பழைய சில்லு பத்திரமா இருக்கு. வந்து அளந்து பாக்கறீங்களா?" நான் யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவே இல்லை, அன்றைக்கே பயணச்சீட்டு எடுத்துவிட்டேன்.

உள்ளே போனதும் மூக்குதான் முதலில் அடையாளம் கண்டது. பம்ப்பு எண்ணெய், வெற்றிடக் குழாய்க்குத் தடவும் மசகு, பழைய மரமேசை. என் இருபத்தொன்பதாவது வயது அந்த வாசனையில் அப்படியே இருந்தது. சில்லையும் காந்தத்தையும் உள்ளே வைத்துக் குளிர்விக்கும் ஆளுயர ஹீலியம் கலன் அதே மூலையில் நிற்கிறது. 'அண்டா' என்று அதற்குப் பெயர் வைத்தது நான்தான். அதைச் சாய்ப்பதற்காக நானும் அவளும் பட்டறையில் நின்று செய்வித்த இரும்புச் சட்டம்கூடத் துருவேறாமல் இருக்கிறது.

"எண்ணெய் போட்டுட்டே வந்திருக்கியளா?" என்று கேட்டேன்.

"இரும்பு. போடலன்னா துருப்பிடிக்கும்ல" என்றாள்.

மே 6, செவ்வாய்

குளிர்விக்கும் வேலை தொடங்கிவிட்டது. காத்திருப்பதுதான் இதில் பெரும் வேலை. அதனால் இதை எழுதிவைக்கிறேன், என்றைக்காவது பேரன் படித்தால் தாத்தா எதற்காக அலைந்தார் என்று புரியட்டும்.

ஒரு தாளின் மேல் மட்டும் ஊரத் தெரிந்த எறும்புகளை நினைத்துக்கொள். எழும்பவும் தெரியாது, இறங்கவும் தெரியாது. எங்கள் சில்லு நகத்தளவு குறைக்கடத்தித் துண்டு, அதற்குள் எலக்ட்ரான்கள் அப்படி ஒரே தளத்தில் ஓடுகின்றன. சில்லைக் கடுங்குளிரில், பலமான காந்தப்புலத்தில் வைத்து நீளவாக்கில் மின்சாரம் விட்டால், குறுக்கே ஒரு மின்னழுத்தம் எழும்பும். அதிலிருந்து கணக்கிடும் மின்தடை ஒரு குறிப்பிட்ட எண்ணில் வந்து அசையாமல் நிற்கும். சில்லு பெரிதோ சிறிதோ, சென்னையோ ஜெர்மனியோ, எண் மாறாது. குவாண்டம் ஹால் விளைவு என்பது இதுதான்.

எனக்கு அன்று ஒரு கேள்வி வந்தது. சில்லு படுத்திருக்கும்போது பூமி எலக்ட்ரான்களை நேர் கீழே இழுக்கிறது. அவற்றுக்குப் போக வழியில்லை. சில்லையும் காந்தத்தையும் சேர்த்துச் சாய்த்தால்? பூமி அவற்றை ஓர் ஓரத்தை நோக்கி இழுக்கும். அப்போதும் அந்த எண் மாறாமல் நிற்குமா? கோட்பாடு தெரிந்தவர்கள் நிற்கும் என்றார்கள். பூமிக்கு அடங்காத பொருள் உலகத்தில் உண்டா என்று நான் கேட்டேன். அளந்தோம். சாய்த்தபோது எண் மாறியது. கடைசி இலக்கங்களில்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் மாறியது.

1991இல் கட்டுரை வந்தது. சில மாதங்களுக்குள் பல நாட்டு ஆய்வகங்கள் முயன்று பார்த்து, ஒன்றுமில்லை என்றன. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன். பிறகு நிறுவனம் ஒரு விசாரணைக் குழு போட்டது. அதன் முன்னால் குமுதா சொன்னாள்: "துரை கூட இருக்கும்போது மாறுது. நான் தனியா அளந்தா மாறலை."

அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதைக் கேட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. எண்ணை நான் திருத்திவிட்டேன் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. என் பணியை மட்டும் நீட்டிக்கவில்லை. ஊருக்குப் போய் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார் ஆனேன். நல்ல வாத்தியாராகத்தான் இருந்தேன். ஆனாலும் மாணவன் யாராவது செய்முறைத் தேர்வில் விடையை இட்டுக்கட்டி எழுதினால் எனக்கு வரும் கோபத்தைப் பார்த்து அந்த ஸ்கூலே பயப்படும்.

நான் ஓர் எண்ணையும் திருத்தவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்ல? எண் மறுபடி மாறினால்தான் உண்டு.

மே 7, புதன்

ஹீலியம் ஊற்றினோம். கப் கிடைத்துவிட்டது. கடைவாய்ப் பல் வலிக்கிறது.

மே 8, வியாழன்

மாறியது! மாறியது!

முறையாக எழுதுகிறேன்.

அளக்கும்போது ஏசியை அணைத்துவிட வேண்டும். அதன் மோட்டார் அளவீட்டில் இரைச்சல் போடும். அன்றும் இதே கட்டுப்பாடுதான். கத்திரி வெயிலில் சன்னலும் திறக்காத அறை எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டுமா? மேசை விசிறி ஒன்றுக்கு மட்டும் அனுமதி. குமுதா கணினி முன்னால் உட்கார்ந்துகொண்டாள். அண்டாவைச் சாய்ப்பது என் வேலை. பின்பக்கச் சுவர் மூலைக்குப் போய், கைப்பிடியைச் சுற்றிச் சாய்த்து, கோணம் நழுவாமல் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என் முழங்கையை ஒட்டி எண்ணெய்த் தொட்டி. சில்லின் மின்தடையை எதனோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்த ஒப்பு மின்தடை அதற்குள்தான் இருக்கிறது. அந்த மூலையில் காற்று புகாது. எனக்கு வியர்த்து ஊற்றியது. குமுதா விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவள் குரல் மாறிவிட்டது. "துரை... நகருது."

"எந்தப் பக்கம்?"

"அன்னைக்கு நகர்ந்த அதே பக்கம்."

நிமிர்த்தினேன். நான் முன்மேசைக்கு வந்து உட்கார, அவள் விசிறியையும் கூடவே இந்தப் பக்கம் திருப்பினாள். தண்ணீர் குடிப்பதற்குள் எண் பழைய இடத்துக்குத் திரும்பத் தொடங்கியது. மறுபடி சாய்த்தேன், மறுபடி நகர்ந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணாடியில் ஒன்றும் இருக்கவில்லை.

"முப்பத்துநாலு வருஷம் துரை" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பல்வலியால் என்று சொன்னேன். அதுவும் வலித்துக்கொண்டுதான் இருந்தது.

மே 9, வெள்ளி

இன்றும் நாலு முறை. நாலு முறையும் மாறியது. மதியம் அவள் வீட்டிலிருந்து தயிர்சாதமும் மாவடுவும் கொண்டுவந்திருந்தாள். மாவடு எனக்கு ஆகாது என்பதை மறந்துவிட்டாள். இல்லை, பல்தான் ஆகாமல் போனது, மாவடு எனக்குப் பிடிக்கும்.

சாப்பிட்டுக்கொண்டே பழசையெல்லாம் கிண்டினோம். மீதமான திரவ நைட்ரஜனைப் பால் பாத்திரத்தில் ஊற்றி ஐஸ்கிரீம் செய்து, இயக்குநர் வந்ததும் பாத்திரத்தை மேசைக்கு அடியில் ஒளித்தது. அடியிலிருந்து புகை கிளம்பியதைப் பார்த்து அவர், "என்னய்யா, லேப்ல தீயா?" என்று கத்தியது. கரண்ட் போய் மூன்று நாள் அளவீடு வீணானபோது குமுதா மின்வாரியத்துக்கே போய்ச் சண்டை போட்டது. சனிக்கிழமை சாயங்காலங்களில் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, நான் அவள் வழியிலிருந்த பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்தது.

"அந்த நிறுத்தம் அப்ப நீங்க இருந்த விடுதிக்கு நேர் எதிர்த் திசை" என்றாள்.

"நடை உடம்புக்கு நல்லது" என்றேன்.

அவள் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. என் மனைவி ஜெயராணி போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது என்று நான் சொன்னேன். கேள்விப்பட்டதாகச் சொன்னாள்.

புதுக் கட்டுரைக்குத் தலைப்பு யோசித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மே 10, சனி

இரவெல்லாம் தூக்கமில்லை. பல் மருத்துவர் பிடுங்கியே தீரவேண்டும் என்றார். பிடுங்கினார். கன்னம் இட்லி அளவுக்கு வீங்கியிருக்கிறது. ஆய்வகத்துக்குப் போகவில்லை.

மே 11, ஞாயிறு

காலையில் ஆராதனைக்குப் போய், நன்றி சொல்லி, காணிக்கை போட்டு, அப்படியே ஆய்வகத்துக்குக் குமுதாவைப் பார்க்கப் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"நேத்து நீங்க வரலன்னதும் நானே சாய்ச்சுப் பாத்தேன்."

"சரி."

"மாறலை துரை. நானே போய் சாய்ச்சு, கோணம் நழுவாம கைப்பிடியைக் கயித்தால கட்டி, திரும்பி வந்து பாக்கறேன். அசையவே இல்லை. மூணு தடவை பாத்தேன்."

"அன்னைக்கும் இதத்தான் சொன்னிய."

"நடந்ததைத்தானே சொல்றேன்."

"அப்ப நான் என்ன செய்யுதேன்? அந்த மூலையில உக்காந்து கையால எண்ணைத் தள்ளி வைக்கேனா? கம்ப்யூட்டர் உங்க கையில, திரை உங்க கண்ணு முன்ன, கம்பிய நான் தொடக்கூட இல்ல. இதுக்கு மேல எப்படித் தாயி நிரூபிக்க?"

"நான் உங்களைச் சொல்லவே இல்லையே!"

"குழு முன்னாலயும் நீங்க என்னச் சொல்லல. சொல்லாமத்தான் என்னை அனுப்பி வச்சிய."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவள் எழுந்து போய்ப் பம்ப்பின் எண்ணெய் அளவைப் பார்த்தாள். அது சரியாகத்தான் இருந்தது என்பது இருவருக்கும் தெரியும்.

மே 12, திங்கள்

வேட்டி, இரண்டு சட்டை, துண்டு துவைத்தேன். வியாழக்கிழமைக்கு ஊருக்குச் சீட்டு எடுத்தேன். பெனிட்டா கூப்பிட்டு, "பல்லு எப்படி இருக்கு? கஞ்சி கிடைக்குதா?" என்றாள். கிடைக்கிறது என்றேன். கிடைக்கவில்லை.

சாயங்காலம் படுத்துக்கொண்டு யோசித்தேன். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. நானும் இல்லை. இரண்டு உண்மையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் நிற்க ஒரு வழி இருந்தே ஆகவேண்டும். இதை நான் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு நான் சொல்லிக்கொள்ளத்தான் இத்தனை வருடமாகியிருக்கிறது.

மே 13, செவ்வாய்

காலையிலேயே போய்ச் சொன்னேன்: "இன்னைக்கு இடம் மாறுவோம். நீங்க மூலையில உக்காருங்க. நான் திரைய மட்டும் பாக்கேன். என் ரெண்டு கையும் மேசை மேலயே இருக்கும்."

"துரை, இதெல்லாம் எதுக்கு..."

"எனக்காக."

அவள் போய்ச் சாய்த்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். எண் அசையவில்லை. கால் மணி நேரம், அரை மணி நேரம். குத்துக்கல்லாக நின்றது. நான் மூலையில் இல்லை, அதனால் மாறவில்லை. அப்படியானால் நான்தான் காரணம். நான் எதுவும் செய்யாமலே நான் காரணம்.

தோற்றுப்போன மனதோடு திரும்பி அவளைப் பார்த்தேன். முகமெல்லாம் வியர்வை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதுகில் ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேசை விசிறி என் பக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. எழுந்து விசிறியை அவள் பக்கம் திருப்பிவைத்தேன்.

"பரவாயில்ல, எனக்கு வேண்டாம்" என்றாள்.

"இருக்கட்டும்" என்று வந்து உட்கார்ந்தேன்.

திரையைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் எண் நகரத் தொடங்கியது.

அதே பக்கம். அதே அளவு.

நான் கத்தினேனா என்று தெரியவில்லை. அவள் பயந்து எழுந்துவிட்டாள். "உக்காருங்க, உக்காருங்க, அண்டாவ மட்டும் நிமித்துங்க. விசிறியத் தொடாதீங்க!" நிமிர்த்தினாள். எண் திரும்பவில்லை. நகர்ந்த இடத்திலேயே நின்றது. விசிறியை என் பக்கம் திருப்பினேன். மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு வந்தது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. சாய்க்கும் போதெல்லாம் நான் மூலைக்குப் போவேன். மூலைக்குப் போகும் போதெல்லாம் காற்று என் மேல் படும். படும்போது பக்கத்திலிருக்கும் எண்ணெய்த் தொட்டியின் மேலும் படும். எண்ணெய் இம்மியளவு குளிரும், அதற்குள் இருக்கும் ஒப்பு மின்தடையும் இம்மியளவு மாறும். மாறியது சில்லின் எண் இல்லை. எதைக்கொண்டு அளந்தோமோ அது. தொட்டியின் வெப்பத்தைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். நடுவில் யார் பார்த்தார்கள்? குமுதா தனியாக அளக்கும்போது சாய்த்துவிட்டுத் திரும்பி மேசைக்கு வந்துவிடுவாள். அவள் தனக்காக விசிறியைத் திருப்பிக்கொண்டதே இல்லை. வெளிநாட்டு ஆய்வகங்களில் இப்படித் திருப்ப யார் இருந்தார்கள்?

"அப்ப 91லயும்..." என்று தொடங்கினேன்.

"சாய்க்கும்போதெல்லாம் திருப்புவேன்" என்றாள். "உங்களுக்கு வேர்த்து ஊத்தும். நீங்க வாயத் திறந்து கேக்க மாட்டீங்க."

"ஒவ்வொரு தடவையுமா?"

"எண் ஒவ்வொரு தடவையும்தானே மாறிச்சு" என்றாள்.

அந்தக் கோடை முழுவதும், சாய்த்த ஒவ்வொரு முறையும், எழுந்து போய்த் திருப்பியிருக்கிறாள். நான் அந்தக் காற்றை வாங்கிக்கொண்டு புவியீர்ப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அவள்மேல் ஒரு கோபமும் இல்லை. என்மேல்தான் நிறைய இருக்கிறது. அதற்கும் மேலே, எழுதவே கூச்சமாக இருக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது.

மே 14, புதன்

விசிறியை முழுக்க அணைத்துவிட்டு அளந்தோம். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தோம். சாய்த்தாலும் நிமிர்த்தினாலும் எண் ஒன்றுதான். எங்கள் கருவியால் அளக்க முடிந்த வரையில், பூமியின் இழுப்பு அந்த எண்ணைத் தொடவில்லை. கோட்பாடு தெரிந்தவர்கள் சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு. இதை எழுதும்போது வலிக்கும் என்று நினைத்தேன். பல் பிடுங்கிய இடத்தில் நாக்கு போய்ப் போய்ப் பார்க்கிறதே, அவ்வளவுதான் இருக்கிறது.

மதியம் அந்தப் பழைய கட்டுரைக்கு ஒரு திருத்தக் குறிப்பு எழுதினோம். குமுதா எழுத, நான் வாசித்தேன். அன்று கண்ட மாற்றத்துக்குக் காரணம் புவியீர்ப்பு அல்ல. ஒப்பு மின்தடையின் மேல் பட்ட விசிறிக் காற்று. அத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். அவள் இன்னொரு வரி சேர்த்திருந்தாள்: '1991இல் ஞானதுரை பதிவு செய்த எண்கள் அனைத்தும் கருவியில் உண்மையாகத் தோன்றியவை, அவற்றை நாங்கள் இப்போது மறுபடியும் அதே அளவில் பெற்றோம்.'

நான் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

"அந்தக் குழுவுல இருந்த ஆள் ஒருத்தரும் இப்ப உயிரோட இல்லையே, குமுதா. யாருக்கு இது?"

"நான் இருக்கேன்ல" என்றாள். "நானும்தான் அப்ப உங்களைச் சந்தேகப்பட்டேன். வாய்விட்டுச் சொல்லல, அவ்வளவுதான். இந்த வரி முதல்ல எனக்கு."

பிறகு அவள் அண்டாவின் அளவுகோலைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாளைக்கு ஹீலியம் மிச்சமிருக்கு. அளக்கத்தான் ஒண்ணும் இல்லை" என்றாள்.

"ஏசியப் போட்டுக்கலாம்லா இனி?" என்றேன்.

சிரித்துவிட்டாள். எழுந்து போய்ப் போட்டாள்.

விடுதிக்கு வந்ததும் பெனிட்டா கூப்பிட்டாள். "வேலை முடிஞ்சுதாப்பா? நாளைக்கு வண்டிதானே?"

"முடிஞ்சுது மக்கா. நான் நினைச்சது தப்பு."

"வருத்தமா இருக்காப்பா?"

"இல்ல. சீட்டை மாத்திட்டேன். சனிக்கிழமைதான் வாறேன்."

"முடிஞ்சுதுன்னு சொன்னிய. பிறகு அங்க இருந்து என்ன அளக்கப் போறிய?"

"ஒண்ணும் இல்ல மக்கா" என்றேன். நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஆய்வகம் போக வேண்டும்.